குக்கர் வெயிட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர்: யார் இந்த டெனிஸ் பாப்பின்? 340 ஆண்டு பழைய வால்வு இன்றும் நம்மைக் காப்பது எப்படி?

காலையில் எந்தத் தெருவில் நடந்தாலும் காதில் விழும் சத்தம் குக்கர் விசில். மூணு விசில் வந்தா அடுப்பை அணைக்கணும், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அந்த விசில் உண்மையில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. உள்ளே அழுத்தம் அளவைத் தாண்டும்போது ஆவி தானாக வெளியேற ஒரு வழி. அந்த வழி அடைபட்டால் அதே குக்கர் முகத்தையும் கையையும் பதம் பார்க்கும்.

இந்த ஏற்பாட்டை முதன்முதலில் ஒரு சமையல் பாத்திரத்தில் பொருத்தியவர் டெனிஸ் பாப்பின். பிரான்சில் பிறந்து, மருத்துவம் படித்து, நான்கு நாடுகளில் வேலை பார்த்து, லண்டனில் வறுமையில் இறந்து போனவர். இவர் எங்கே புதைக்கப்பட்டார் என்பதே 300 ஆண்டுகளுக்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது.

யார் அவர்? என்ன செய்தார்? தரமில்லாத குக்கர்கள் சந்தையில் இருக்கும் இந்தக் காலத்தில் அவர் கதையை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? பார்க்கலாம்.

டாக்டருக்குப் படித்தார், மெஷின் பக்கம் போனார்

1647 ஆகஸ்ட் 22-ம் தேதி, பிரான்சின் புளுவா நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஷித்தனே என்ற ஊரில் பிறந்தார் பாப்பின். குடும்பம் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவக் குடும்பம். கத்தோலிக்க மன்னர் ஆண்ட நாட்டில் அவர்கள் சிறுபான்மை. இந்த ஒரு விஷயம் பின்னாளில் அவர் வாழ்க்கையையே புரட்டிப் போடப் போகிறது.

1669-ல் ஆன்ஜே பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். ஆனால் வைத்தியத்தில் மனம் ஒட்டவில்லை. பாரிஸ் போய், அன்றைய பெரிய விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸிடம் உதவியாளராகச் சேர்ந்தார். காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் பம்ப், வெடிமருந்தை வைத்து இயந்திரத்தை ஓட்டும் முயற்சி என்று அங்கே கற்றுக்கொண்டது ஏராளம். கணித மேதை லைப்னிட்ஸின் நட்பும் அங்கேதான் கிடைத்தது.

1675-ல் லண்டன் போனார். பள்ளிப் பாடத்தில் நாம் படித்த பாயில் விதி நினைவிருக்கிறதா? அந்த ராபர்ட் பாயிலோடுதான் அடுத்த சில ஆண்டுகள் வேலை. காற்று, அழுத்தம், ஆவி பற்றிய அறிவெல்லாம் இந்த இரண்டு ஆசான்களிடம் கிடைத்தது. அதை அவர் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் சமையலறை.

எலும்பை வேகவைக்க ஒரு இயந்திரம்

1679-ல் லண்டன் ராயல் சொசைட்டி முன்னால் பாப்பின் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். தடித்த உலோக உருளை, மேலே இறுக்கமான மூடி, அதைத் திருகுகளால் முடுக்கிவிட்டால் காற்றுகூட வெளியே போகாது. அதற்கு அவர் வைத்த பெயரின் பொருள், செரிக்க வைக்கும் கருவி. எலும்பை மென்மையாக்குவதுதான் அதன் முதல் வேலை.

எலும்பை ஏன் வேகவைக்க வேண்டும்? கசாப்புக் கடையில் தூக்கி எறியும் எலும்பிலும் சத்து இருக்கிறது, அதை எடுக்க முடிந்தால் ஏழைகளுக்குக் குறைந்த செலவில் உணவு கிடைக்கும், கரியும் மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. நம்ம ஊரில் ஆட்டுக்கால் சூப்புக்கு ஆறேழு விசில் விடுகிறோமே, அதேதான்.

இதன் அறிவியல் எளிமையானது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வேகமாக வற்றும். பாத்திரத்தை இறுக மூடிவிட்டால் ஆவி வெளியே போக முடியாமல் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற, கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும். இன்றைய வீட்டு குக்கரில் அது சுமார் 120 டிகிரி வரை போகிறது. அந்த 20 டிகிரிதான் பருப்பையும் கறியையும் சீக்கிரம் வேகவைக்கிறது.

இதற்கு நேர் எதிரானதை ஏற்காட்டில் பார்க்கலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்தில் வேகிற அதே பருப்பு, மலை மேல் திறந்த பாத்திரத்தில் வேக இன்னும் நேரம் பிடிக்கும்.

பாத்திரத்துக்குள் எவ்வளவு சூடு என்று பாப்பினுக்கு எப்படித் தெரிந்தது? நம்பகமான வெப்பமானி அப்போது இல்லை. மூடியின் மேல் ஒரு சிறு குழி வைத்து, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். அது ஆவியாகி மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று ஒரு ஊசலை ஆடவிட்டு எண்ணுவார். சீக்கிரம் மறைந்தால் சூடு அதிகம். மாட்டுக்கறி, ஆட்டுக்கறி, மீன், பயறு, பழம் என்று ஒவ்வொன்றாக வேகவைத்து, எவ்வளவு கரி செலவானது என்பதையும் எழுதி வைத்து, 1681-ல் புத்தகமாகவே போட்டார்.

உயிர் காத்த அந்தச் சின்ன வால்வு

இறுக மூடிய பாத்திரத்துக்குக் கீழே தீயை எரித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒரு கட்டத்தில் வெடிக்கும். இந்த ஆபத்து பாப்பினுக்கு நன்றாகவே தெரியும். அதற்கு அவர் கண்ட வழிதான் சேஃப்டி வால்வு.

மூடியில் ஒரு சிறு துளை போட்டு, அதன் மேல் ஒரு அடைப்பானை வைத்தார். அந்த அடைப்பானை ஒரு நீளக் கம்பி அழுத்திப் பிடிக்கும். கம்பியின் மறுமுனையில் ஒரு எடைக்கல் தொங்கும். நம்ம ஊர் சந்தையில் முன்பு பயன்படுத்திய வெள்ளிக்கோல் போலவே இருக்கும் அமைப்பு. உள்ளே அழுத்தம் அளவைத் தாண்டினால், ஆவி அந்த அடைப்பானைத் தூக்கிவிட்டு வெளியேறும். அழுத்தம் குறைந்ததும் எடை திரும்ப மூடிவிடும். ஆள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்று நம்ம குக்கர் மேல் உட்கார்ந்திருக்கும் வெயிட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. கம்பிக்குப் பதிலாக எடையே நேராகத் துளை மேல் உட்காருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1682 ஏப்ரலில் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு இந்தப் பாத்திரத்தில் சமைத்தே ஒரு விருந்து வைத்தார்கள். மாட்டெலும்பு பாலாடைக்கட்டி போல மென்மையாகி இருந்ததாக, விருந்துக்குப் போன ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பாராட்டு எல்லாம் கிடைத்தது. ஆனால் லண்டன் வீடுகளில் அந்தப் பாத்திரம் இடம்பிடிக்கவில்லை. கனமானது, விலை அதிகம், பார்த்தாலே பயம்.

ஊர் திரும்ப முடியாத மனிதர்

பாராட்டு வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. 1681-ல் இத்தாலியின் வெனிஸ் போய் சுமார் மூன்று ஆண்டுகள் அங்கிருந்த அறிவியல் கழகத்தில் சோதனைகள் நடத்தினார். 1684-ல் திரும்ப லண்டன். ராயல் சொசைட்டியில் தற்காலிக வேலை, ஆண்டுக்கு 30 பவுண்டு சம்பளம்.

அடுத்த ஆண்டு பெரிய இடி விழுந்தது. 1685-ல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்ட் மக்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை ரத்து செய்தார். லட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு ஓடினார்கள். வெளிநாட்டில் இருந்த பாப்பினுக்கு சொந்த ஊர்க் கதவு அடைந்தது.

1687-ல் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கேதான் 1690-ல் அவர் இன்னொரு பெரிய யோசனையை வெளியிட்டார். ஒரு உருளைக்குள் கொஞ்சம் தண்ணீரைச் சூடாக்கினால் ஆவி பிஸ்டனை மேலே தள்ளும். குளிர்ந்ததும் ஆவி தண்ணீராகச் சுருங்கி, உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே அழுத்தும். அந்த அசைவை வைத்து வேலை வாங்கலாம். நீராவி இயந்திரத்தின் அடிப்படை இதுதான்.

1691-ல் தன் உறவினரான ஒரு கைம்பெண்ணை மணந்தார். பிறகு காசல் நகருக்குப் போய், அங்கிருந்த ஆட்சியாளர் கார்ல் ஆதரவில் பம்பு, இயந்திரம் என்று வேலையைத் தொடர்ந்தார். லைப்னிட்ஸோடு கடிதப் போக்குவரத்தும் நடந்துகொண்டே இருந்தது.

உடைக்கப்பட்ட படகு, கிடைக்காத நாற்காலி

1707 செப்டம்பரில் குடும்பத்தோடு காசலை விட்டுக் கிளம்பினார். துடுப்புச் சக்கரம் வைத்துத் தானே செய்த படகில் ஃபுல்டா ஆற்றில் இறங்கினார். லண்டன் போய், அதை அடிப்படையாக வைத்து நீராவிக் கப்பல் செய்யலாம் என்பது கனவு. இணையத்தில் பல இடங்களில் அதையே நீராவிப் படகு என்று எழுதியிருப்பார்கள். அது தவறு, அந்தப் படகை மனிதர்கள்தான் கையால் இயக்கினார்கள்.

முண்டன் என்ற ஊரில் படகோட்டிகள் சங்கத்தினர் மறித்தார்கள். அந்த ஆற்றில் படகு விடும் உரிமை தங்களுக்கு மட்டும்தான் என்பது அவர்கள் வாதம். அனுமதி கேட்டு முன்பே முயன்றும் கிடைத்திருக்கவில்லை. படகைப் பிடித்து உடைத்துப் போட்டார்கள்.

கையில் ஒன்றுமில்லாமல் லண்டன் வந்து சேர்ந்தபோது பாப்பினுக்கு 60 வயது. பாயில் இறந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. ராயல் சொசைட்டியின் தலைவர் இப்போது ஐசக் நியூட்டன். நீராவி இயந்திரம் செய்து காட்டப் பணம் கேட்டு பாப்பின் திட்டங்களைக் கொடுத்தார், ஒன்றும் நகரவில்லை. 1712 ஜனவரியில் எழுதிய ஒரு கடிதத்துக்குப் பிறகு அவரைப் பற்றிய தடமே இல்லை. அதே 1712-ல்தான் இங்கிலாந்தில் தாமஸ் நியூகோமனின் நீராவி இயந்திரம், சுரங்கத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தது. பிஸ்டன் வைத்த இயந்திரம் அது.

பாப்பின் எப்போது இறந்தார் என்று நீண்ட காலம் யாருக்கும் தெரியாது. 2016-ல்தான் லண்டன் ஆவணக் காப்பகத்தில் ஒரு பதிவு வெளிச்சத்துக்கு வந்தது. 1713 ஆகஸ்ட் 26, ஃபிளீட் தெரு புனித பிரைட் தேவாலயம், அடக்கம் செய்யப்பட்டவர் பெயர் டெனிஸ் பாப்பின். 66-வது பிறந்தநாள் முடிந்து நான்காவது நாள்.

வால்வு மேல் எடை வைத்தவர்கள்

பாப்பின் போனார், வால்வு தங்கிவிட்டது. டெசாகுலியர் என்ற விஞ்ஞானி அதை நீராவி இயந்திரங்களில் பொருத்தினார். அவர் பதிவு செய்த ஒரு விபத்து இன்றைக்கும் பாடம். இயந்திரம் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வால்வின் எடைக்கல்லைக் கம்பியின் கடைசி நுனிக்குத் தள்ளினார். போதாதென்று ஒரு கனமான இரும்பையும் சேர்த்துத் தொங்கவிட்டார். ஆவியால் அந்த எடையைத் தூக்க முடியவில்லை. பாய்லர் வெடித்தது, அவர் அங்கேயே இறந்தார்.

1831-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு ரயில் இன்ஜின் வெடித்ததும் இதே கதைதான். வால்விலிருந்து வரும் ஆவிச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று அங்கிருந்த தொழிலாளி அதை அடைத்துவிட்டார். அவர் உயிரும் போனது.

நம் நாட்டிலும் 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். அதன் பிறகுதான் பாய்லர்களைச் சோதிக்கும் சட்டம் வங்காளத்தில் வந்தது. 1923-ல் நாடு முழுமைக்குமான இந்தியப் பாய்லர் சட்டம் வந்தது. மேட்டூர் அனல்மின் நிலையம், மோகனூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை என்று சேலம், நாமக்கல் பகுதியில் பெரிய பாய்லர் ஓடும் எந்த இடத்திலும் சேஃப்டி வால்வு கட்டாயம் இருக்கும். திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுக்கப் போகும் போர்வெல் ரிக் லாரிகளின் கம்ப்ரசரிலும் பாப்பினின் அதே யோசனை இருக்கிறது.

ஆலை பாய்லரை இன்ஸ்பெக்டர் வந்து சோதிக்கிறார். வீட்டு குக்கரை யார் சோதிக்கிறார்கள்? நாம்தான்.

குக்கருக்குள் எவ்வளவு பலம்?

வீட்டு குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 1 கிலோ கூடுதல் அழுத்தம் இருக்கும். 16 சென்டிமீட்டர் அகல மூடி என்றால் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். அதாவது மூடியை ஏறக்குறைய 200 கிலோ பலம் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. 25 கிலோ அரிசி மூட்டை எட்டு. ஆவி அடங்குவதற்கு முன் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 120 டிகிரியில் இருக்கும் தண்ணீர், மூடி திடீரென்று திறந்தால் தண்ணீராகவே இருக்க முடியாது. ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாக மாறும். 2 லிட்டர் தண்ணீரிலிருந்து 100 லிட்டருக்கும் மேல் ஆவி கிளம்பும். அது கொதிக்கும் பருப்பையும் சாம்பாரையும் தூக்கிக்கொண்டு வரும். அதனால்தான் குக்கர் விபத்தில் முகம், கழுத்து, மார்பு, கை ஆகிய இடங்கள் வெந்து போகின்றன.

இந்தியாவில் 1950-களின் கடைசியில்தான் பெரிய நிறுவனங்கள் குக்கர் தயாரிப்பில் இறங்கின. இன்றைய குக்கரில் ஒன்றுக்கு மூன்று பாதுகாப்பு உண்டு. முதலில் வெயிட். அது அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு. அதன் நடுவில் உள்ள உலோகம் சூடு மீறினால் உருகி வழிவிடும். பல மாடல்களில் மூன்றாவதாக, கேஸ்கட் ரப்பர் ஓரிடத்தில் பிதுங்கி ஆவியை வெளியேற்றும் வசதியும் இருக்கும். தரமான குக்கரில் ஒன்று தவறினால் இன்னொன்று காப்பாற்றும். தரமற்ற குக்கரிலும் போலி வால்விலும் அந்த நம்பிக்கை இல்லை. உருக வேண்டிய உலோகம் உருகாது, பிதுங்க வேண்டிய ரப்பர் பிதுங்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 பிப்ரவரி 1 முதல் வீட்டு உபயோக பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஐ.எஸ். 2347 என்ற தர விதிப்படி இருக்க வேண்டும். முத்திரை இல்லாமல் தயாரிப்பதும் விற்பதும் குற்றம்.

இந்த விதியை மீறிய குக்கர்கள் ஆன்லைனில் விற்கப்பட்டதாக, 2022 ஆகஸ்ட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அமேசான் தளத்தில் 2,265, ஃபிளிப்கார்ட் தளத்தில் 598 குக்கர்கள். வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கும்படி உத்தரவு. தலா 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. இதை எதிர்த்து இரு நிறுவனங்களும் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடின.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, அதன் கீழ் உள்ள உரிம எண்ணையும் பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும்.
* அடுப்பில் வைக்கும் முன் மூடியைத் தூக்கி, வெயிட் உட்காரும் துளை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அடைப்பு இருக்கிறது.
* குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைத்துப் பொங்கும் பருப்பு, பயறு என்றால் பாதி போதும்.
* ரப்பர் கெட்டியாகி வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுங்கள். ரப்பரும் வால்வும் அதே கம்பெனி உதிரிபாகமாக இருக்கட்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று கிடைத்ததைப் போட வேண்டாம்.
* சேஃப்டி வால்வு உருகிப் போனால் துளையை வேறு எதையாவது வைத்து அடைக்காதீர்கள். விசில் சத்தம் வராமலிருக்க வெயிட் மேல் எதையும் வைக்காதீர்கள். டெசாகுலியர் சொன்ன அந்த மனிதர் செய்ததும் இதைத்தான்.
* அடுப்பு எரிந்தும் வெகுநேரம் விசில் வரவில்லை என்றால், கிட்டே போய் வெயிட்டைத் தட்டிப் பார்க்காமல், முதலில் அடுப்பை அணையுங்கள். தானாக ஆறட்டும்.
* மூடி திறக்க வரவில்லை என்றால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். கரண்டி வைத்து நெம்பாதீர்கள்.

காயம் பட்டுவிட்டால்?

வெந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வளையல், மோதிரத்தை வீக்கம் வருவதற்குள் கழற்றுங்கள். பேஸ்ட், மாவு, மை, நெய், ஐஸ் எதுவும் வேண்டாம். முகம், கண், கை வெந்திருந்தாலோ, குழந்தைக்குக் காயம் என்றாலோ, 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

குக்கரைத் தூக்கிப் போடாதீர்கள். மூடி, வால்வு, பில், பெட்டி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்து, போட்டோ எடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளால் காயம் ஏற்பட்டால் தயாரித்தவரிடமும், சில சூழலில் விற்றவரிடமும் இழப்பீடு கேட்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையங்கள் இருக்கின்றன. பொருளுக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணமே கிடையாது. ஒரு குக்கருக்கு அது தாராளம்.

பாப்பின் தன் வால்வை மூடியின் மேல் வைத்தது, பக்கத்தில் யாரும் காவல் நிற்காமலேயே அது தன் வேலையைச் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான். அந்தத் துளை சுத்தமாக இருக்கும் வரைக்கும் அது செய்யும். நாளைக் காலை குக்கரை அடுப்பில் ஏற்றும் முன், மூடியை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிடுங்கள். பத்து விநாடி வேலைதான்.